கீர்த்தி ஸ்டூடியோவின் முதுகுகள்

நல்லூரணியில் போட்டோ எடுத்துக்கொண்டவர்களெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த வருஷத்தில், அந்த ஊருக்குப் பிரிண்டர் சரிபண்ண நான் போனேன். போட்டோ பிரிண்டர் விற்கிற திருச்சிக் கடையொன்றில் எனக்கு வேலை, பேர் ஜெசிந்தா. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேக் கம்ப்யூட்டரை ஆசையாக வாங்கிவிட்டு அதைத் தொடப் பயப்படுகிற ஸ்டூடியோக்காரர்களுக்கு, "மேல இடது மூலையில கடிச்ச ஆப்பிள் இருக்குல்ல, அதை அமுக்குங்க, அண்ணே செல்போன்ல இல்ல, கம்ப்யூட்டர்ல" என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை வழி சொல்லிக்கொண்டிருப்பேன். டிரைவர் என்றால் என்னம்மா என்று கேட்பவர்களுக்கு, "மேக் ஒரு வீடு, பிரிண்டர் ஒரு வீடு, ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, நடுவுல நின்னு பேசி முடிக்கிற தரகர்தான் டிரைவர், தரகரை உள்ள விடலாமான்னு மேக் கேக்கும், விடுன்னு சொல்லி பாஸ்வேர்டு போடணும்" என்பேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது, சம்பளத்துக்காக வைத்திருக்கிறேன்.

கீர்த்தி ஸ்டூடியோ மாசிலாமணி அண்ணனும் அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை போனில் வந்தார். நல்ல மனுஷன், சொன்னதைச் சொன்னபடி செய்தார், தெரியாத கம்பெனி என்று மேக் முரண்டு பிடித்தபோதுகூட நான் சொன்ன இடத்துக்குப் போய் 'பரவாயில்லை, திற' என்பதை அமுக்கிவிட்டு வந்தார். நீலக் கோடு முக்கால்வாசி ஓடியிருந்த நேரத்தில், "ஒரு நிமிஷம்மா, ராகு காலம் பொறந்துருச்சு, இந்த நேரத்துல நல்ல காரியம் நடக்கக்கூடாது" என்று சொல்லி, நான் 'அண்ணே மூடாதீங்க' என்பதற்குள் லேப்டாப்பை மூடிவிட்டார். ராகு காலம் முடிந்தபிறகு திறந்திருக்கிறார், அது இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கிறது, ஓகே என்பதை அமுக்கினால் இதுவரை யாரும் கெட்டுப்போனதில்லை என்று அதை அமுக்கியிருக்கிறார். அதற்குப்பிறகு பிரிண்டர் ஜோராக வேலை செய்தது, நிறம் சுத்தம், கோடு விழவில்லை. திரையில் முகம் தெரிந்தது, காகிதத்தில் மட்டும் ஆள் திரும்பி நின்றார்.

ஊரே ஆடிப்போயிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு நல்லூரணியைத் தெரியவில்லை என்று அர்த்தம். முதல் படம் சிவகாமி டீச்சருடையது. அவர் தன் பின்னந்தலையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "கொண்டை கோணலா இருக்கு மாசிலாமணி, இன்னொண்ணு எடு" என்றாராம். தாலுகா ஆபீஸ் கிளார்க் முதல் வாரம் விண்ணப்பங்களைத் தூக்கிப் போட்டார், இரண்டாவது வாரம் "திரும்பி நில்லுங்க" என்று சொல்லிப் பிடரியை ஒத்துப்பார்த்து முத்திரை குத்த ஆரம்பித்தார். சலூன்காரருக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் கிராக்கி கூடியது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சடையின் நீளம் தெரிந்தது, பையனுக்கு உச்சியில் வழுக்கை விழுந்திருப்பதும் தெரிந்தது, அதனால் அந்த வருஷம் பேசி முடித்த கல்யாணங்களில் சண்டை குறைவு என்று தரகர்களே ஒத்துக்கொண்டார்கள். வார்டு கவுன்சிலர் பிறந்தநாளுக்கு வைத்த பேனரில் அவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்ததை மட்டும் ஊர் கொஞ்சநேரம் நின்று ரசித்தது. பக்கத்து ஊருக்குப் போய் முகத்தோடு படம் எடுத்து வந்தவர்களுக்கு, வீட்டில் காட்டியபோது, "இது யாரு, சொந்தமா?" என்ற கேள்வி வந்து, காசு வீணானதுதான் மிச்சம்.

காகிதத்தில் விழுவது பழைய முதுகு இல்லை, இன்றைய முதுகு என்பதைக் கண்டுபிடித்தது பாத்திமா பீவி. சவுதியில் இருக்கிற மகனின் பழைய போட்டோவை அடித்து வாங்கியவர், அவன் கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஸ்டூடியோ வாசலிலேயே நின்று போன் போட்டு, "கழுத்துல என்னடா?" என்று கேட்க, நேற்று கட்டி உடைந்ததை இங்கிருந்து யார் சொன்னது என்று அவன் அங்கே முழித்தான். அன்றிலிருந்து வெளியூரில் பிள்ளை இருக்கிற தாய்மார்கள் வரிசையில் நின்று முதுகு வாங்கிப்போனார்கள், மெலிந்திருக்கிறானா, வேர்வையில் சட்டை ஒட்டியிருக்கிறதா, எண்ணெய் வைக்கிறானா என்றெல்லாம் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். இறந்தவர்கள் மட்டும் மாறவில்லை. மூன்றாம் நாள் அடித்தாலும் பதினாறாம் நாள் அடித்தாலும் அதே முதுகு, அதே முடி, அதே சட்டைச் சுருக்கம். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் போகிறவர் போகிற மாதிரியே இருப்பது பொருத்தம்தான் என்று ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. போஸ்டர் அடிக்கிற எதிர்க்கடைப் பிரஸ்காரர், மாசிலாமணி அடித்துக்கொடுக்கிற காகிதத்தில் யார் எப்படி இருக்கிறாரோ அப்படித்தான் போஸ்டரில் போடுவேன், செல்போனில் அனுப்புகிற மூஞ்சிகளையெல்லாம் நம்பமாட்டேன் என்று சட்டமே போட்டுவிட்டார்.

இப்படி எல்லாம் பழகிப்போய், யாருக்கும் புகார் இல்லாத ஊரிலிருந்து எங்கள் கடைக்குப் புகார் வந்தது. டிரைவரை முழுசாகப் போட்டுத் தரவேண்டும், போனில் வேண்டாம், ஆள் நேரில் வரவேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் முகம் வரவேண்டும். புகார் கொடுத்தவர் மாசிலாமணி இல்லை, வெள்ளைச்சாமி என்கிற வேறொருவர். முதலாளி என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

நான் போய் இறங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமை காலைதான். ஸ்டூடியோப் படியில் நாற்பது நாற்பத்தைந்து வயதுக்காரி ஒருத்தி, மடியில் பழைய ஸ்வீட் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் தோள்பையைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீதான் மிஷினு சரிபண்ண வந்த புள்ளையா?"

"ஆமாக்கா."

"சரிபண்ணாதம்மா" என்றாள். அவள் பேர் மீனாள்.

டப்பாவைத் திறந்து ஒவ்வொரு படமாக எடுத்துப் படிமேல் பரப்பினாள். எல்லாம் ஒரே ஆளின் முதுகு. அவள் புருஷன். துபாய்க்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது, முதலில் வாரம் ஒரு போன், அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் நின்றுவிட்டது, கம்பெனியில் கேட்டால் ஆள் விலகிப் போய்விட்டார் என்றார்கள். கல்யாணத்தின்போது எடுத்த ஒரே போட்டோதான் அவளிடம் இருந்தது. அதை மாதாமாதம் இங்கே கொடுத்து அடித்து வாங்கியிருக்கிறாள்.

"இந்தா பாரு, இதுல பிடரி முடி காலர்ல விழுது. இதுல ஒட்ட வெட்டியிருக்கு. இதுல நரை இருக்கு, முன்னாடி இதுல கம்மி. செத்தவுகளுக்கு எந்த ஊர்லம்மா முடி வெட்டி விடுறாக?"

நான் வேலைக்கு வந்தவள், இதையெல்லாம் கேட்கக்கூடாது, கேட்டுவிட்டேன். கடைசி இரண்டு மூன்று படங்களில் தோளோரம் காலர்மேல் வெளிறின சின்னச் சின்னப் புள்ளிகள் நாலு இருந்தன. பிரிண்டர் ரிப்பன் அழுக்கு என்று மாசிலாமணி சொன்னதாகச் சொன்னாள், புதுச் சட்டைப் பூ என்பது அவள் எண்ணம், புதுச்சட்டை போடுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாரே என்று அதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

"ஞாயித்துக்கிழமை கருமாதி வச்சிருக்காகம்மா. ஆளு இல்லாம, செய்தி இல்லாம. என் தாலிய எடுக்கணும், வீட்டைக் காலி பண்ணணும். முதுகைப் போட்டு அஞ்சலிப் போஸ்டர் ஒட்டினா ஊரு சிரிக்கும், போன மாசம் முடி வெட்டின ஆளுக்கு என்னடா கருமாதின்னு கேக்கும். பழைய முகம் வந்துட்டா கேக்காது. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கு."

கூப்பிட்டவன் அவள் கொழுந்தன். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் வெள்ளைச்சாமி, வேட்டியும் மேல்துண்டும் புதுசு. வாசலில் ஏணியும் மைதாப் பசை வாளியுமாக இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டு போஸ்டருக்காகக் காத்திருந்தார்கள். அவனைப் பார்த்ததும் ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது, ஆனால் அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"எனக்கு மட்டும் ஆசையா, சொல்லுங்க? மூணு பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு வாடகை வீட்டுல கெடக்கேன். அண்ணன் பேர்ல இருக்கிற வீட்டுல மதினி ஒத்தையா இருக்கு. இருந்தா ஒரு போன் பண்ணமாட்டானா? முதுகாம் முதுகு. பாதி மிஷினு காட்டுறத நம்பிக்கிட்டு நான் எத்தனை காலம் இருக்கிறது?"

மீனாள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாசிலாமணி லேப்டாப்பைத் திறந்து கொடுத்தார், அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். நான் ஆப்பிளை அமுக்கி, செட்டிங்ஸைத் திறந்து, பிரிண்டர் பகுதிக்குப் போனேன். முறை என்னவென்றால், பாதியாக உட்கார்ந்திருக்கிற பழைய பிரிண்டரை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், பிறகுதான் புதுசாக முழுசைப் போட முடியும். எடுத்துவிட்டால் எடுத்ததுதான், அதற்குப்பிறகு இந்த ஊரில் யாரும் முதுகைப் பார்க்கப்போவதில்லை. கழித்தல் குறிமேல் அம்பை வைத்தேன். பின்னால் ஸ்டூடியோ நிறைந்திருந்தது. பாத்திமா பீவி வந்திருந்தார், டீச்சர் வந்திருந்தார், பிரஸ்காரர் கையில் மையோடு வந்து நின்றார், பசை வாளிக்காரர்கள்கூட டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார்கள். எனக்கு விரல் வரவில்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எதையும் அழிக்கும்முன், செய்யவேண்டியதையெல்லாம் செய்து பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும்: ஒயரைக் கழற்றி மாட்டினீர்களா, அணைத்துப் போட்டீர்களா, வேறு பேப்பர் வைத்தீர்களா. அந்த வாய்ப்பழக்கத்தில் மீனாளிடம் கேட்டுவிட்டேன்.

"கூப்பிட்டுப் பாத்தீங்களாக்கா?"

"எத்தனை நம்பருக்கு..."

"போன்ல இல்லக்கா. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறார்ல. பின்னால இருந்து கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

ஸ்டூடியோவில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒரு வருஷமாக அந்த ஊரில் ஆயிரம் முதுகு அச்சாகியிருக்கும், ஒன்றைக்கூட ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது என்பது அவர்களுக்குப் பால்குடி நாளிலிருந்து ஊறியது, அதனால் மகனோ மகளோ, காகிதத்தில்தானே என்று யாரும் துணியவில்லை. டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அபசகுனம்மா அது."

"கருமாதியவிடவா டீச்சர்?" என்றேன்.

மீனாள் பிரிண்டர் பக்கத்தில் வந்தாள். "பேரைச் சொல்லியா கூப்பிடணும்?" என்று கேட்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் அந்தப் பேரைச் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்திலிருப்பவர்கள்தான் சொல்வார்கள்.

"பேரைச் சொன்னாத்தானே திரும்புவாங்க."

வெள்ளைச்சாமி எழுந்து, இதெல்லாம் என்ன கூத்து, மிஷினைச் சரிபண்ண வந்தியா மந்திரம் போட வந்தியா என்று என்மேல் பாய்ந்தான். கடைசியாக ஒரு படம், அது வெளியே வந்து விழுந்ததும் அழித்துவிடுகிறேன், மாதா மேல் சத்தியம் என்றேன். கல்யாணப் படம் மேக்கில்தான் இருந்தது. மாசிலாமணி பிரிண்ட் கொடுத்தார்.

அந்தப் பிரிண்டர் மையைத் துளித்துளியாகத் துப்புகிற ரகம் இல்லை, ரிப்பனைச் சூடாக்கி நிறத்தை ஏற்றுகிற ரகம். காகிதம் வாயிலிருந்து பாதி வெளியே வரும், மறுபடி உள்ளே போகும், முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, பிறகு நீலம், கடைசியில் பளபளப்பு. மஞ்சளில் வந்தது. மங்கலாக ஒரு முதுகு, சாய்ந்த தோள், காலரோரம் அந்தப் புள்ளிகள். மீனாள் குனிந்து வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. காகிதம் உள்ளே போனது.

"மணி பத்தரை ஆச்சும்மா" என்றார் மாசிலாமணி. "ராகு காலம்." அவர் கை தன்போக்கில் லேப்டாப் மூடிக்குப் போனது, கெட்ட எண்ணமில்லை, பழக்கம். நான் மூடிக்கும் கீபோர்டுக்கும் நடுவில் என் உள்ளங்கையை நீட்டி வைத்தேன். "மூடுங்கண்ணே, என் கை நசுங்கட்டும், அப்பவும் அச்சு ஓடட்டும்." அவர் கையை எடுக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை.

சிவப்பில் வந்தது. "அடைக்கலம்" என்றாள் மீனாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாக. அந்தப் பேர் அவள் வாயிலிருந்து வந்ததும் பாத்திமா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். காகிதத்தில் கழுத்து லேசாக ஒரு பக்கம் நெளிந்தது, பின்னால் யாரோ கூப்பிட்டார்களா என்று சந்தேகப்படுகிறவனின் கழுத்து. உள்ளே போனது. "அடைக்கலம், நான் மீனா" என்றாள் மீனாள், இப்போது குரல் உடைந்து, ஏழு வருஷமும் அதில் சேர்ந்து வந்தது. "ஒரே ஒரு தடவை திரும்பிட்டுப் போங்க."

நீலத்தில் வந்தபோது காது தெரிந்தது, கன்னம் தெரிந்தது. மறுபடி உள்ளே போனது, பளபளப்பு ஏறுகிற சத்தம் கேட்டது, கத்தி இறங்கி ஓரத்தை வெட்டியது, காகிதம் தட்டில் விழுந்தது. மாசிலாமணி மூடியிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டார்.

அவர் திரும்பியிருந்தார். மஞ்சளில் ஏறின முதுகு மட்டும் பின்னால் நிழலாக நின்றுபோயிருந்தது, அதற்கு முன்னால் முகம். கல்யாணப் போட்டோவிலிருந்த மீசைக்காரப் பையன் இல்லை. நரைத்த, சதைபோட்ட, எங்கோ கிளம்பிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டுவிட்டார்களே என்று சலித்துக்கொள்கிற முகம். நெஞ்சோடு ஒரு கைக்குழந்தையை அணைத்திருந்தார். அது தூங்கிக்கொண்டிருந்தது, அதன் கை அவர் தோள்மேல் போய்க் காலரைப் பிடித்திருந்தது. அந்தப் புள்ளிகள் நாலு சின்ன விரல்.

நான் தரையைப் பார்த்தேன். கூப்பிடச் சொன்னது நான்தானே, என் வாயில் மண்ணைப் போட என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரு புள்ள அது?" என்றான் வெள்ளைச்சாமி.

"உங்க அண்ணன் புள்ளதான். மூக்கைப் பாத்தா தெரியல?" என்றாள் மீனாள்.

மீனாள் படத்தை ஈரம் காயாத பொருளைப் பிடிக்கிற மாதிரி ஓரத்தில் பிடித்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நாங்கள் அவள் அழுவாள் என்று காத்திருந்தோம். பாத்திமா பீவி தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் போய் நின்றார். அவள் அழவில்லை, வந்து படத்தைக் கொழுந்தனின் கையில் வைத்தாள்.

"முகம் வேணும்னு கேட்டீகல்ல தம்பி. வந்துருச்சு. போஸ்டர் அடிங்க."

"மதினி..."

"அடிங்க. பிரஸ்காரவுக இங்கதான் நிக்கிறாக, பசையும் ரெடியா இருக்கு. எனக்கு அவன் செத்துட்டான். பத்திரத்துக்கு உசுரோட இருக்கான். வீடு வேணும்னா அவனையே வந்து கேக்கச் சொல்லுங்க, நான் உள்ளதான் இருப்பேன். தாலிய என்ன பண்றதுங்கிறத நானே பாத்துக்கிறேன், அதுக்கு ஆள் கூட்ட வேணாம்."

போங்க என்று கூப்பிட்ட வாயில் அவன் என்று வந்ததை அந்த ஸ்டூடியோவில் எல்லோரும் கேட்டோம். வெள்ளைச்சாமி படத்தைப் பிரஸ்காரரிடம் நீட்டினான், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். குழந்தையோடு இருக்கிற ஆளுக்கு அஞ்சலி போட எந்தப் பிரஸ்ஸிலும் மை கிடையாது என்றார். வெள்ளைச்சாமி அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றான், அப்புறம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பசைக்காரர்களை வாங்கடா என்று கூப்பிட்டுப் படியிறங்கினான். அவன் போகும்போது யாரும் பின்னால் கூப்பிடவில்லை.

சத்தியம் செய்திருக்கிறேனே, வேலையைப் பார்க்கவேண்டும். கழித்தல் குறியை அமுக்கினேன். பாத்திமா பீவி ஒரு நிமிஷம் கையை நீட்டித் தடுக்க வந்தார், மகன் முதுகு இனிமேல் கிடைக்காதே என்று. அப்புறம் அவரே, "போகட்டும்மா, நான் போன்லயே கேட்டுக்கிறேன்" என்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"ராகு காலம் இன்னும் முடியல" என்றார் மாசிலாமணி ஈனசுரத்தில்.

"நடக்கட்டும்ணே" என்றாள் மீனாள். "நல்ல நேரம் பாத்துத்தான் எனக்குத் தாலி கட்டுனாக."

மேக் கேட்டதற்கெல்லாம் விடு, விடு என்று சொல்லிக்கொண்டே போனேன். நீலக் கோடு பாதி தாண்டியது, முக்கால்வாசியில் வந்து ஒரு கணம் தயங்கியபோது ஸ்டூடியோவே மூச்சைப் பிடித்தது, பிறகு அது கடைசிவரை ஓடி முடிந்தது. அணைத்துப் போட்டேன். சோதனைக்கு ஒரு படம் அடிக்கவேண்டும், யாராவது உட்காருங்கள் என்றேன். ஒருத்தரும் நகரவில்லை. ஒரு வருஷமாகப் பிடரியைக் காட்டிப் பழகினவர்களுக்கு முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மீனாள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "என்னை எடுங்கண்ணே. ரேஷன் கார்டுல என் முதுகுதான் இருக்கு, மாத்தணும்" என்றாள். மாசிலாமணி விளக்கைப் போட்டார். மோவாயைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார், தூக்கினாள்.

காகிதம் நாலு தடவை வந்து போனது. முகம் விழுந்தது, கண் சிவந்திருந்தது, ஆனால் நேராகப் பார்த்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு கண்ணாடி ஜன்னல் பக்கம் போனாள், முதுகுகள் இருந்த ஸ்வீட் டப்பா படியிலேயே கிடந்தது.

"மூக்குத்தி நல்லா விழுந்திருக்கு" என்றாள். "இன்னும் ரெண்டு காப்பி போடுங்கண்ணே."